பதினாலு மாசத்துப் பூட்டு

ஒரு ஊர்ல ஒரு பூட்டு இருந்துச்சு. ராஜா இல்ல கண்ணு, பூட்டுதான். பித்தளைப் பூட்டு, உள்ளங்கை அகலம். ஒரு பெரிய ஸ்கூல்ல, பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம் கதவுல தொங்கறது அதுக்கு வேலை. பகல்லயும் தொங்கும், லீவு நாள்லயும் தொங்கும். அந்த ஸ்கூல்லயே ஒரு நாள்கூட மட்டம் போடாம வேலைக்கு வந்தது அது ஒண்ணுதான்.

ஏன் பூட்டினாங்க? அதுக்கு முன்னாடி புள்ளைங்களுக்குன்னு பாத்ரூமே கெடையாது. இது புதுசு. எட்டு ரூமு. வெள்ளக் கல்லு பதிச்சு மினுமினுன்னு இருக்கும். வாசல்ல ரிப்பன் வெட்டி, பேரு வெட்டின கல்லு ஒண்ணு பதிச்சு, போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் பெரிய டீச்சர் யோசிச்சாங்க. இதுக்குள்ள புள்ளைங்கள விட்டா என்ன செய்யும்? ஒண்ணுக்குப் போகும். போனா அழுக்காகும். அழுக்கானா ஆபீசர் வந்து பாத்தா என்ன நினைப்பாங்க? டக்குனு ஒரு பூட்டப் போட்டாங்க. ஆச்சு பதினாலு மாசம். உள்ள ஒரு சொட்டு விழல.

ம். சிரிக்காத, கேளு.

அந்த ஸ்கூலுக்கு ஆறாப்பு சேர ஒரு புள்ள வந்துச்சு. பேரு சுடர்விழி. அவ ஊரு மூணாங்கரை. பஸ்ல ஒரு மணி நேரம் அஞ்சு நிமிஷம். அவ ஊருப் பள்ளிக்கூடம் சின்னது, அஞ்சாப்பு வரைக்கும்தான். ஒரு ரூமு, ஒரு சாரு. செவுத்துல ஒரு ஆணி, அதுல கட்டை கட்டின ஒரு சாவி. யாருக்கு அவசரமோ அவங்க சாவிய எடுத்துட்டுப் போகணும், வந்து மாட்டிடணும். ஆணியில சாவி இல்லையா, உள்ள ஆளு இருக்குன்னு அர்த்தம். யாரையும் கேக்க வேண்டாம். அஞ்சு வருஷம் அப்படித்தான் ஓடுச்சு.

திங்கக்கிழமை மூணாங்கரையிலேருந்து அஞ்சு புள்ளைங்க பஸ் ஏறிச்சு. ஸ்கூல் வாசல்ல ஒரே கொண்டாட்டம்! வாழ மரம் ரெண்டு, பலூன் இருநூறு, பீப்பீ டும்டும்னு மேளம். ஏன்னா அந்த வருஷம் பெரிய டீச்சர், "புது மாணவியர் பழகும் குழு"ன்னு ஒண்ணு ஆரம்பிச்சிருந்தாங்க. புதுசா வர்ற புள்ளைங்க பயப்படாம பழகணுமாம். சந்தனம் வச்சாங்க, கல்கண்டு குடுத்தாங்க, ஆளுக்கு ஒரு ரோசாப்பூ. ஆறாப்புப் புள்ளைங்க மொத்தம் நூத்தி முப்பத்தேழு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு எட்டாப்பு அக்கா துணை. அந்த அக்காங்க நெஞ்சுல "தோழி"ன்னு பச்ச ரிப்பன். சுடருக்கு வாய்ச்சது யமுனா அக்கா.

அப்புறம் ஒரு தாளும் குடுத்தாங்க. "நான் இப்பள்ளியில் நன்கு பழகிவிட்டேன்"னு அச்சடிச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரும் பழகி முடிச்சு கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமை ஆபீசர் அம்மா வர்றாங்க, நூத்தி முப்பத்தேழு தாளையும் எண்ணுவாங்க.

சுடருக்கு அந்த ஸ்கூல் பிடிச்சுப் போச்சு. மொத நாளே சயின்ஸ் டீச்சர் வெங்காயத் தோல உரிச்சு மைக்ராஸ்கோப்புல காட்டினாங்க. அடேயப்பா! செங்கல் அடுக்கின மாதிரி கட்டம் கட்டமா இருக்கு. "நாளைக்கு வேற என்ன டீச்சர் காட்டுவீங்க?"ன்னா. "கொளத்துத் தண்ணி. அதுல ஒண்ணு நீந்தும்"னாங்க. அவளுக்கு நாளைக்கு எப்ப வரும்னு இருந்துச்சு.

ஆனா அப்போ அவளுக்கு வேற ஒண்ணு வந்துச்சு. வயித்துல குறுகுறு, குறுகுறு. காலையில வெய்யில்ல வர்ற புள்ளைன்னு அம்மா ஒரு செம்பு மோர் குடுத்திருந்தா.

அவ என்ன செஞ்சா? செவுத்துல ஆணியத் தேடினா. வகுப்புல இல்ல. வராண்டாவுல இல்ல. டீச்சருங்க ரூமு வாசல்ல பாத்தா, ஆணி! ஆணியில சாவி! அப்பாடான்னு எடுத்துக்கிட்டு ரெண்டு எட்டு வச்சா.

"ஏய்! திருடி! வைடி அத!"ன்னு ஒரு சத்தம். வத்சலா டீச்சர். பழகும் குழுவுக்குத் தலைவியே அவங்கதான். "டீச்சருங்க பாத்ரூம் சாவிய எடுக்கற? எந்த ஊருடி நீ?"

"மூணாங்கரை டீச்சர். எங்க ஊர்ல ஆணியில இருந்தா எடுத்துக்கலாம்."

"இது உங்க ஊரு இல்ல. பழகிக்க!"ன்னு ரெண்டு தோப்புக்கரணம் போட வச்சு அனுப்பிட்டாங்க. அந்த ரெண்டு தோப்புக்கரணம் போட அந்தப் புள்ள பட்ட பாடு இருக்கே. உக்காந்தா எந்திரிக்கப் பயம், எந்திரிச்சா உக்காரப் பயம்.

அன்னிக்கு நாலு மணி வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா. பஸ்ல அஞ்சு புள்ளைங்களும் ஒரு வார்த்த பேசல. பள்ளம் வந்தா மட்டும் "அம்மா"ன்னுச்சுங்க.

ம் சொல்லு. ம்.

புதன்கிழமை பாத்தா பஸ்ல மூணு பேருதான். ரெண்டு புள்ளைங்களுக்கு வயித்து வலி, இனிமே வரலியாம். வியாழக்கிழமை ரெண்டு பேரு. சுடரும், அவ பக்கத்து வீட்டுப் பொன்மணியும். அன்னிக்குத் திரும்பி வரும்போது பொன்மணி பாவாட நனைஞ்சு போச்சு. பையால மறைச்சுக்கிட்டே எறங்கினா. "நான் வரமாட்டேன்டி நாளைலேருந்து"ன்னா.

சுடரோட அம்மா பாத்தா. "நாலு புள்ளைங்க நின்னுடுச்சு. நீ ஒருத்தி தனியா பஸ் ஏறி என்ன படிச்சுக் கிழிக்கப் போற? நாளைக்கு ஒரு நாள் பாப்பேன். வயித்து வலின்னு வந்து நின்னியோ, அப்புறம் வீடுதான்"னா.

சுடருக்கு நிக்க மனசு இல்ல. கொளத்துத் தண்ணியில நீந்தினத அவ பாத்துட்டா. இன்னும் எத்தனையோ பாக்க வேண்டியிருக்கு. சரி, பெரியவங்க எதுக்கு இருக்காங்க, பழகத்தான ஒரு குழுவே போட்டிருக்காங்க, கேட்டுப் பாத்துடலாம்னு வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் கெளம்பினா.

மொதல்ல யமுனா அக்காவக் கேட்டா. "அக்கா, பாத்ரூம் சாவி வேணும்க்கா."

யமுனா அக்கா அக்கம் பக்கம் பாத்துட்டு மெதுவா சொன்னா, "தண்ணி குடிக்காத. அவ்வளவுதான்."

"காலையிலயுமா?"

"காலையில ஒரு முழுங்கு. மத்தியானம் சாம்பார் ஊத்திக்காத, வெறும் சோறு தின்னு. நான் ரெண்டு வருஷமா அப்படித்தான். பழகிடும்." சொல்லும்போதே அந்தப் புள்ள உதடு வெடிச்சு வெள்ளையா கெடக்கு.

அப்புறம் வத்சலா டீச்சரக் கேட்டா. டீச்சர் பலூனுக்குக் காத்து ஊதிக்கிட்டு இருந்தாங்க, புஸ் புஸ்னு. "கொறை இருந்தா என்ன செய்யணும்னு சொல்லியிருக்கேன்? பெட்டியில எழுதிப் போடணும்!" சுடர் எழுதிக்கிட்டுப் போனா. பெட்டி மேல "மனம் திறந்து பேசு"ன்னு எழுதியிருக்கு. ஓட்டை வழியா போட்டா, தாளு பாதியிலயே நின்னுடுச்சு. உள்ள அவ்வளவு தாளு. யாரும் ஒரு தடவகூட எடுக்கல.

அப்புறம் பெரிய டீச்சரையே போய்ப் பாத்தா. பட்டுப் பொடவ சரசரக்க, கண்ணாடி முன்னாடி நின்னு ஆபீசர் முன்னாடி பேசறதுக்கு வாயசைச்சுக்கிட்டு இருந்தாங்க. இவ கேட்டதும் கன்னத்தத் தட்டி, "பொண்ணாப் பொறந்தா அடக்கம் வேணும்மா. அடக்கிப் பழகணும்"னாங்க. அந்தப் புள்ள அதத்தான திங்கக்கிழமைலேருந்து செஞ்சுக்கிட்டு இருக்கு!

மூணு பேரு. மூணு பதிலு. ஒரு சாவி வரல.

மத்தியானம் பன்னெண்டு மணிக்கு டர்ர்ர்னு ஜீப்பு வந்து நின்னுச்சு. ஆபீசர் அம்மா. மூணு ஸ்கூல் பாத்துட்டு நாலாவதா வர்றாங்க. எறங்கினதும் வாசல்ல ஒரு எளநி. மேடையேறினதும் ஒரு ரோஸ்மில்க். உக்காந்ததும் ஒரு காப்பி. எண்ணிக்க, மூணு. அப்புறம் பெரிய டீச்சர் பேச ஆரம்பிச்சாங்க. அம்பத்திரெண்டு நிமிஷம். அந்த ஸ்கூலோட கட்டடம் எத்தன, ஜன்னல் எத்தன, தென்ன மரம் எத்தன.

கடைசியா தாளு எண்ணினாங்க. நூத்தி முப்பத்தாறு இருந்துச்சு. மூணாங்கரைப் புள்ளைங்க நாலு பேரு வராமலே நின்னுடுச்சுங்களே, அவங்க தாளா? அதுவும் அதுல இருந்துச்சு. அவங்க தோழிங்களையே கையெழுத்துப் போடச் சொல்லிட்டாங்க வத்சலா டீச்சர். நல்லாப் பழகினவங்கன்னா அவங்கதான, ஒரு கொறையும் சொல்லல!

"ஒண்ணு குறையுதே?"ன்னாங்க ஆபீசர் அம்மா. சுடர மேடைக்கு இழுத்துட்டு வந்தாங்க.

"ஏம்மா, உனக்கு மட்டும் இன்னும் பழகலையா?"

சுடர் நிமிந்து பாத்தா. முன்னாடி ஒரு ஸ்கூலே உக்காந்திருக்கு. ஆனா வயித்துல குறுகுறு பயத்தவிடப் பெருசா இருந்துச்சே. "எல்லாம் பழகிடுச்சு மேடம். தண்ணி குடிக்காம இருக்க மட்டும் இன்னும் வரல"ன்னா.

"தண்ணி ஏன் குடிக்கக் கூடாது?"

"குடிச்சா வரும்ல மேடம். வந்தா எங்க போறது? பாத்ரூம் பூட்டியிருக்கு."

கொல்லுனு ஒரு சிரிப்பு. அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. ஆபீசர் அம்மா மட்டும் சிரிக்கவே இல்ல. ஒரு கால மடக்கி இன்னொரு கால் மேல போட்டாங்க. மறுபடி மாத்திப் போட்டாங்க. எளநி, ரோஸ்மில்க், காப்பி! பெரிய டீச்சர் காதுல குனிஞ்சு, "டீச்சர்... மொதல்ல எனக்கே போகணும்"னாங்க.

டீச்சருங்களோட பழைய பாத்ரூமுக்கு உள்பக்கம் தாப்பா கெடையாது, வாளியும் ஓட்ட. அதையா ஆபீசருக்குக் காட்டுவாங்க? "புதுசு இருக்கு மேடம்! எட்டு ரூமு! வெள்ளக் கல்லு!"ன்னு பெரிய டீச்சர் பீரோவத் தொறந்து சாவிய எடுத்துக்கிட்டு முன்னாடி ஓடினாங்க. பின்னாடி ஆபீசர் அம்மா, சின்னச் சின்ன எட்டா வச்சு. அவங்களுக்குப் பின்னாடி டீச்சருங்க. அதுக்குப் பின்னாடி, யாரும் எந்திரின்னு சொல்லாமலே, மொத்தப் புள்ளைங்களும்.

சாவியப் போட்டாங்க. கிர்ர்ரக். திரும்பல! பதினாலு மாச மழையும் வெய்யிலும் பூட்டுக்குள்ள போய் உக்காந்திருக்கு. வாட்ச்மேன் அண்ணன் தேங்காயெண்ணெ ஊத்தினாரு. கிரக். சீமெண்ணெ ஊத்தினாரு. கிரக். வத்சலா டீச்சர் கொண்டைப் பின்ன உருவி உள்ள விட்டாங்க. டிங். பின்னு உடைஞ்சு உள்ளயே மாட்டிக்கிச்சு. மூணும் போச்சு.

ஆபீசர் அம்மா நெத்தியில வேர்வ ஊத்துது. "கொஞ்சம் சீக்கிரம்"னாங்க. அந்தக் குரலு ஆபீசர் குரலு மாதிரியே இல்ல. ஆறாப்புப் புள்ள குரலு மாதிரி இருந்துச்சு.

அப்போ சுடர் சத்துணவுக் கூடத்துக்கு ஓடினா. அம்மிக் கொழவியத் தூக்கிக்கிட்டு தள்ளாடித் தள்ளாடி வந்தா. வந்துட்டாளே ஒழிய தலைக்கு மேல தூக்க முடியல. அப்போ ஒரு கை வந்து அத வாங்குச்சு. யாரு?

யமுனா அக்கா.

"இந்தாடி யமுனா, என்ன பண்ற? கதவு புதுசு!"ன்னு கத்தினாங்க பெரிய டீச்சர்.

யமுனா காதுல வாங்கல. ரெண்டு வருஷம் சாம்பார் ஊத்திக்காத புள்ள அது. ணங்! பூட்டு ஆடுச்சு. ணங்! கதவு அதிர்ந்துச்சு. ணங்! பூட்டும், பூட்டு மாட்டியிருந்த நாதாங்கியும் பேந்துக்கிட்டு சலக்குனு வந்து விழுந்துச்சு.

தடதடதடன்னு ஓடினாங்க பாரு! டப், டப், டப், டப். எட்டு ரூமு, எட்டுக் கதவு, எட்டும் சாத்தியாச்சு. மொத ரூமுல யமுனா. ரெண்டாவதுல சுடர். ஆபீசர் அம்மா உள்ள போகப் பாத்தாங்க, ஒரு ரூமும் காலி இல்ல.

"வழி விடுங்கடி! யாரு நிக்கறாங்கன்னு தெரியலையா?"ன்னாங்க வத்சலா டீச்சர்.

ரெண்டாவது ரூமுக்குள்ளேருந்து சுடரோட குரலு கேட்டுச்சு. "வரிசையில வரச் சொல்லுங்க டீச்சர்."

ஆபீசர் அம்மா நின்னாங்க. ஒன்பதாவது ஆளா, பல்லக் கடிச்சுக்கிட்டு, ஒரு கால் மாத்தி ஒரு கால். அந்த வாரம் பூரா ஆறாப்பு எப்படி நின்னுச்சோ அப்படி.

போயிட்டு வெளிய வந்தவங்க அந்த நூத்தி முப்பத்தாறு தாளையும் கேட்டு வாங்கினாங்க. வாட்ச்மேன் அண்ணன் கையில குடுத்து, "அடுப்புக்காவது ஆகும்"னாங்க.

திங்கக்கிழமை பெரிய டீச்சர் புதுப் பூட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க, முன்னதவிடப் பெருசா. ஆமா, வந்தாங்க! அவங்க திருந்துவாங்கன்னு நெனச்சியா? ஆனா பூட்டு இருந்து என்ன, மாட்ட நாதாங்கி இல்லையே. அத அடிச்சுக் குடுங்கன்னு மேல எழுதிப் போட்டிருக்காங்க. மேல இருக்கறது ஆபீசர் அம்மா. அந்தக் கடுதாசி எந்தப் பெட்டியில கெடக்கோ, இன்னும் பதில் வரல.

செவ்வாக்கிழமை மூணாங்கரை பஸ்ல ரெண்டு பேரு. புதன்கிழமை நாலு. வியாழக்கிழமை பொன்மணியும் ஏறினா. எத்தன ஆச்சு? அஞ்சு. பை நெறையத் தண்ணி பாட்டிலு, பஸ்ஸு பூரா களக் களக்குனு சத்தம்.

ம் கொட்டறது நின்னுபோச்சே. சரி, கணக்கும் நேராச்சு, கதையும் நேராச்சு. எந்திரி கண்ணு, ஒண்ணுக்குப் போயிட்டு வந்து படுத்துத் தூங்கு.