ஒரே பெட்டியில் இரண்டு வேலை

குரு சீடக் கதைகளில், பாடம் நடக்கும் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் யார் உட்கார்ந்திருந்தார் என்று எவரும் எழுதி வைத்ததில்லை. இந்தக் கதையில் அங்கே உலகம்மை உட்கார்ந்திருந்தாள்.

கல்லூரியில் மின்னணுவியல் கற்பித்துக்கொண்டிருந்தவள், குருவின் வாயால் நூல் கேட்பதற்காக வேலையை விட்டு மடத்துக்கு வந்தாள். குருவின் பாடத்தை இணையம் வழியே சிங்கப்பூருக்கும் இலண்டனுக்கும் அனுப்ப மடம் முடிவு செய்தது. "உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும்" என்று சொல்லி அவளைப் பின்னறையில் உட்கார்த்தினார்கள்.

இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் இணையப் பெட்டியை அணைத்து, பொறுத்திருந்து, மறுபடி போடுவாள். அதற்குள் கூடத்தில் குரு அவள் கேட்காத இரண்டு பாடல்களைக் கடந்திருப்பார்.

அந்த மடத்தில் ஒரு விதி உண்டு. ஒரு நூலை முதலிலிருந்து முடிவு வரை குருவின் வாயால் கேட்டவருக்கே அடுத்த நூல். பதிவைக் கேட்பது கேட்டதாகாது. இந்தக் கதை நடந்த அன்று நூல் நிறைவடைய இருந்தது.

"டீச்சரம்மா! மறுபடியும் போச்சு!" கூடத்திலிருந்து கத்தினார் மடத்து மேலாளர் நெல்லையப்பன். "லண்டன்காரங்க ஏசுதாங்க. சும்மா ஒரு தடவை அணைச்சுப் போடுங்க."

உலகம்மை கம்பிகளைப் பிடுங்கினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து குருவின் முன் வைத்தாள்.

குரு புன்னகைத்தார். "எதுக்கு இத்தனை கோபம்? வெளியே அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும். உள்ளே இணைப்பு இருக்கான்னு பாரு."

குருமார்களுக்கு இப்படி ஒரு வாக்கியம் எப்போதும் கைவசம் இருக்கும். முன்வரிசைச் சீடர்கள் அவசரமாக அதை எழுதிக்கொண்டார்கள்.

"உள்ளே ஒரு கோளாறும் இல்லை, சாமி. கோளாறு இந்தப் பெட்டியிலே. தொட்டுப் பாருங்க."

குரு தொட்டார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"மோடமும் இதுவே, ரவுட்டரும் இதுவே," என்றாள். "வெளியே இருந்து வர்றதை வாங்குறதும் இதுதான். வாங்கினதை மடம் முழுக்கப் பங்கு போடுறதும் இதுதான். சூடு தாங்காம செத்துப் போகுது."

"பூசை போட்டு வச்ச பெட்டி, சாமி," என்றார் நெல்லையப்பன். "லைன்ல கோளாறா இருக்கும்."

"நீங்க பூசையிலே அப்பின சந்தனத்தை ஒவ்வொரு துளையா ஊசியால குத்தி எடுத்தேன். அப்பவும் செத்துச்சு. வைஃபையை நிறுத்திட்டுக் கம்பியிலே ஒரு கம்ப்யூட்டரை மட்டும் மாட்டினேன். பகல் முழுக்க அசையலை. அப்போ லைன் நல்லா இருக்கு. வைஃபையைப் போட்டேன். உங்க செல்போன், சமையல்கட்டு டி.வி., வாசல் கேமரா எல்லாம் தொத்திக்கிச்சு. கொஞ்ச நேரத்திலே பெட்டி செத்துச்சு. பங்கு போடத் தனி ரவுட்டர் வேணும்னு ஆடி மாசமே கேட்டேன்."

"அதான் இதுவே ரெண்டு வேலையும் பார்க்குதே! இன்னொண்ணு எதுக்கு?"

"பார்க்கலை. அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

முன்வரிசையில் ஒருவன் சிரித்தான். "பெட்டியை விட அம்மாதான் சூடா இருக்காங்க."

உலகம்மை அவன் பக்கம் திரும்பினாள். "நீ இங்கே உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருந்தே. குளுகுளுன்னுதான் இருப்பே."

குருவின் முகத்தில் புன்னகை இல்லை.

"நூல்ல நீ எதுவரைக்கும் கேட்டிருக்கே, உலகம்மை?"

"அறுந்த வரைக்கும்."

"எங்கே அறுந்தது?"

"எங்கே அறுபடலைன்னு கேளுங்க."

குரு மடியில் விரித்திருந்த நூலைப் பார்த்தார். ஒரே ஒரு பாடல் மீதி இருந்தது. நிறைவுக்கான சர்க்கரைப் பொங்கல் சமையல்கட்டில் மணத்தது.

அவர் பெட்டியைக் கையால் ஓரமாகத் தள்ளினார். பிறகு நூலைப் பின்னோக்கிப் புரட்டத் தொடங்கினார். முதல் பக்கம் வந்ததும் நிறுத்தினார். முன்வரிசையில் ஓர் இடத்தைக் காட்டினார்.

உலகம்மை உட்கார்ந்தாள். அவள் கோபம் இறங்கியிருக்கவில்லை.

"சாமி," என்று தயங்கினார் நெல்லையப்பன். "ஒரு பாட்டுதானே பாக்கி? சிங்கப்பூர்ல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. நாங்களும் கேட்டு முடிச்சாச்சே."

"நீங்க கேட்டு முடிச்சிட்டீங்க," என்றார் குரு. "நான் இன்னும் சொல்லி முடிக்கலை."

குரு முதல் பாடலைத் தொடங்கினார்.

நூல் நிறைவடைய இன்னோர் ஆண்டு பிடித்தது. தனி ரவுட்டர் வந்தது. அதை நெல்லையப்பன் பார்த்துக்கொண்டார். உலகம்மையிடம் எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் அடுத்த நூலையும் கேட்டாள், அதற்கடுத்ததையும் கேட்டாள். பின்னர் தென்காசியில் ஒரு வாடகை வீட்டில் தானே பாடம் சொன்னாள். அவளிடம் படித்தவர்கள் அவளைக் கோபக்காரி என்றே சொல்கிறார்கள்.