மாலைச் செய்தி

வேங்கைநாட்டு அரசர் வீரகேதுவுக்குச் சொந்தமாக ஒரு வானொலி நிலையம் இருந்தது. கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டும். அதில் மாலைச் செய்தி வாசித்தவள் அலர்மேலு. பகலெல்லாம் சந்தையிலும் சர்க்கார் கச்சேரியிலும் சுற்றிச் செய்தி பிடிப்பாள்; கட்டிய புடவையோடு வந்து உட்கார்ந்து வாசிப்பாள். ஜனங்கள் தறியை நிறுத்தாமலே கேட்பார்கள். லஞ்சம் வாங்கியவர் பெயர் வந்தால் ஊரே சிரிக்கும்.

மந்திரி பிங்களர் பெயர் அடிக்கடி வந்தது. குரல் மட்டும் போதாது, முகமும் தெரியட்டும் என்று அவர் அரசர் காதில் ஓதினார். நிலையத்துக்குக் கேமரா வந்தது. வீட்டுக்கு வீடு படப்பெட்டி வந்தது.

அதன்பிறகு அலர்மேலுவின் பகல் பவுடரிலும் கொண்டையிலும் கழிந்தது. சந்தைக்குப் போக நேரமில்லை; பிங்களர் எழுதிக் கொடுத்ததை வாசித்தாள். பெட்டியைப் பார்த்தபடியே ஊரில் தறிகள் நின்றன, குழம்புகள் தீய்ந்தன. கடிதங்கள் குவிந்தன, எல்லாம் அவள் மூக்கைப் பற்றி. அதையே சாக்காக வைத்து, லட்சணமான தன் மைத்துனனை அந்த நாற்காலியில் உட்கார வைக்கப் பார்த்தார் பிங்களர். மைத்துனனுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும்.

அலர்மேலு கண்ணைத் துடைத்துக்கொண்டு அரசவை விகடகவி குழைக்காதரிடம் போனாள். அவர் தம் மனைவியின் முத்துமாலையை வாங்கி அவளிடம் கொடுத்து, அன்று வாசிக்க வேண்டிய செய்தியையும் சொன்னார். இதையா வாசிப்பது என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். ஆனாலும் மாலையில் பிசிறில்லாமல் வாசித்துவிட்டாள்.

மறுநாள் சபையில் அரசர் சிடுசிடுவென்று இருந்தார். காலைப் பலகாரம் வரவில்லையாம்.

குழைக்காதர் எழுந்தார். "பிரபு, நேற்று மாலைச் செய்தி எப்படி?"

"மாலை பிரமாதம். நல்ல முத்து."

"செய்தி?"

அரசர் மந்திரியைப் பார்த்தார். மந்திரி கூரையைப் பார்த்தார்.

"தாங்கள் முடி துறந்து, நாட்டை எனக்குக் கொடுத்துவிட்டீர்கள். அதுதான் செய்தி."

அரசர் மெல்லக் கேட்டார்: "ஊரில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா?"

"கடிதங்கள் வந்தன பிரபு, மாலை எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டு. செய்தியைக் கேட்டவர் அரண்மனைச் சமையல்காரர் மட்டும்தான். அடுப்படியில் படப்பெட்டி கிடையாது, பழைய வானொலிதான். இன்று காலை தங்கள் நெய்ப்பொங்கலை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதில் பாதி பசி. அலர்மேலு இனிமேல் சந்தைக்கே போகட்டும், கேமரா அவள் முகத்தை விட்டுவிட்டு அவள் பார்ப்பதைப் பார்க்கட்டும் என்று ஆணையிட்டார். பிறகு குழைக்காதரிடம் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்.

"பரிசு வந்து சேர்ந்துவிட்டது பிரபு. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்."