மூன்று மணி நிழல்

“சொன்னா கேக்கவே மாட்டேங்கிறாங்க, அம்மா” என்றார் சங்கரபாண்டியன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மடத்தில் எல்லோரையும்விட வயதில் சிறியவள் அவள்தான். ஆனாலும் மடத்துக்குத் தலைவி; எல்லோரும் யோசனை அவளிடம்தான் கேட்பார்கள்.

“யாரு?”

“தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குற பொம்பளைங்க. மடத்து வாசல்ல பஸ்ஸுக்கு நிக்க நிழற்குடை கட்டினேன். எவர்சில்வர் பெஞ்சு போட்டேன். ஒருத்தி உட்கார மாட்டேங்கிறா. ரோட்டுல இறங்கி நிக்கிறாங்க. நேத்து ஒருத்திய லாரி தட்டிருச்சு.”

“பேரு?”

“விசாரிக்கலை.”

“பேச்சித்தாய். காலையில உயிர் போயிருச்சு.”

சங்கரபாண்டியன் தூணைப் பிடித்துக்கொண்டார்.



“இன்னைக்கே கம்பித் தடுப்பு போட்டுர்றேன். யாரும் ரோட்டுல இறங்க முடியாது. வெல்டரை வரச் சொல்லியாச்சு. இது மடத்து இடம். நீங்க சரின்னு சொல்லணும்.”

“ஏன் இறங்குறாங்க?”

“வெயிலாம். நான் அளந்து பார்த்துட்டேன். பெஞ்சுகிட்ட காத்து நாப்பத்தொரு டிகிரி. ரோட்டுலயும் அதே நாப்பத்தொண்ணு.”

“எதை வச்சு அளந்தீங்க?”

“தெர்மாமீட்டர்.”

“அது பஸ்ஸுக்கு நிக்குமா?”

அவர் பொறியாளராக முப்பது வருடம் இருந்தவர்.

அம்மா எழுந்து வாசலுக்கு நடந்தாள். அவர் பின்னால் போனார்.

மணி மூன்று. காற்றோட்டத்துக்காக நிழற்குடைக்கு அவர் பின்சுவர் வைக்கவில்லை. மேற்கு வெயில் அந்த வழியாக வந்து பெஞ்சு முழுக்கக் கிடந்தது. கூரையின் நிழல் எட்டடி தள்ளி, தார் ரோட்டில் விழுந்திருந்தது.

அந்த நிழலுக்குள் பத்துப் பன்னிரண்டு பெண்கள். நேற்று லாரி தட்டிய அதே இடம்.



“ஏம்மா, கண்ணால பார்த்துமா அங்கயே நிக்கிறீங்க?”

“அங்க உட்கார்ந்தா அப்பளமாப் பொரிஞ்சிருவோம், சார். உங்க பெஞ்சுதானே, நீங்க உட்காருங்க.”

யாரோ ஒருத்தி சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். வேட்டியைத் தாண்டிச் சூடு ஏறியது. எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். பிடரியில் யாரோ இஸ்திரிப்பெட்டியை வைத்து எடுக்காமல் விட்டதுபோல் இருந்தது.

“பஸ் எப்ப வரும்?” என்று பெண்களைக் கேட்டார்.

“மூணேகாலுக்கு. வந்தாத்தான் நிச்சயம்.”

அம்மா அசையாமல் இருந்தாள்.

“பேச்சித்தாய்க்குப் பிள்ளைங்க உண்டா?” என்று அவர் கேட்டார்.

அவர்களில் ஒரு சிவப்புச் சேலைக்காரி ஏதோ சொன்னாள். காதில் விழவில்லை. எழுந்து கிட்டே போனார்.

“ரெண்டு பொண்ணு, சார். மூத்தவ பத்தாவது.”

“யாரு பார்த்துக்குவா?”

“நாங்கதான். வேற யாரு?”

இன்னொருத்தி தூக்குவாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சற்று ஒதுங்கினாள். “உள்ள வாங்க, சார். முதுகு வெயில்ல கிடக்கு.”

அவர் நிழலுக்குள் ஓரடி தள்ளி நின்றார். பிடரி எரிவது நின்றது. மூச்சு ஒழுங்காக வந்தது.

பெஞ்சிலிருந்து அம்மா கேட்டாள். “தடுப்பு எந்த இடத்துல வரும்? காட்டுங்க.”

கையை நீட்டினார்.

நீட்டிய கை, பெஞ்சுக்கும் தனக்கும் நடுவே கோடு கிழிப்பதைப் பார்த்தார். அவர் நின்றது ரோட்டுப் பக்கம்.

முதுகுக்குப் பின்னால் லாரி ஹாரன் அடித்தது.

யாரும் நகரவில்லை. அவரும்.