வின்ச் நிற்கவில்லை

குமுதினி மேடத்தைவிட ததேயுவுக்கு வயது கூடுதல். ஆனாலும் ஆய்வுக்கூடத்தில் மேடம்தான் குரு, ததேயு சீடர்.

ததேயுவின் தம்பி சவரிக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. விசைப்படகில் வலையிழுக்கும் வின்ச் கொண்டுபோய்விட்டது. அன்று சவரி கத்தியது என்ஜின் இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. அந்த வேதனையில்தான் ததேயு பார்த்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டுப் படிக்க வந்தார். "நிறுத்து" என்று யாராவது சொன்னால் வின்ச்சைத் தானே நிறுத்தும் கருவி ஒன்றைச் செய்தார்.

ஆய்வுக்கூடத்தில் என்ஜின் இரைச்சலை ஓடவிட்டுச் சோதித்தபோதும் கருவி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. ததேயுவுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

"நாளைக்கே தம்பி படகுல மாட்டிரலாமா மேடம்?"

"இரைச்சல் எது, பேச்சு எதுன்னு அதுக்கு எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?"

"சத்தத்தை முதல்ல படமா மாத்திரும் மேடம். மாறாம ஒரே சீரா நீளுறது என்ஜின். அதை அழிச்சிரும். சட்டுசட்டுன்னு மாறுறது பேச்சு. அதை மட்டும் வச்சுக்கிடும்."

மறுநாள் குமுதினியும் துறைமுகத்துக்கு வந்தார்.

கரையில் கட்டிய படகில் கருவியை மாட்டினார்கள். என்ஜினும் வின்ச்சும் ஓடின.

"சவரி, 'நிறுத்து'ன்னு சொல்லுங்க" என்றார் குமுதினி.

சவரி சொன்னார். வின்ச் நின்றது. ததேயு வாயெல்லாம் பல்லாக நின்றார்.

வின்ச்சை மறுபடி ஓடவிட்டார்கள்.

"விரல் போன அன்னைக்கு எப்படிக் கத்துனீங்களோ, அப்படிக் கத்துங்க."

சவரியின் முகம் வாடிவிட்டது. "அது எதுக்கு மேடம் இப்ப?" என்றபடி அண்ணனைப் பார்த்தார். பிறகு அந்தக் கையை மறுகையால் பொத்திக்கொண்டு கத்தினார்.

"நிறுத்தூஊஊஊஊ..."

மூச்சு தீரும்வரை கத்தினார். கரையில் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் பதறி எழுந்துவிட்டார்கள்.

வின்ச் சுற்றிக்கொண்டே இருந்தது.

ததேயு கருவியின் திரையைப் பார்த்தார். தொடக்கத்தில் சிறு கீற்று. அதற்குப் பின் வெறும் கறுப்பு.

"உயிர் போற மாதிரி கத்துறான் மேடம். அவன் குரல் எங்க?"

குமுதினி வின்ச்சைத் தன் கையால் நிறுத்தினார்.

"உங்களுக்கு அவர் தம்பி, ததேயு. நீங்க சொல்லிக் குடுத்தபடி பார்த்தா, கருவிக்கு அவரும் ஒரு என்ஜின்தான்."