நசுங்காத சக்கரம்

வீரணனுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து வெறுமனே பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போவார். மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் அவருடைய மகள் சுகப்பிரியா எட்டு மாத வயிற்றோடு இருந்தாள். ஜீப் போகிற சாலை அடிவாரத்தோடு சரி. அதற்கு மேல் கல்லும் வேருமாகக் கழுதைப் பாதைதான். மழை இறங்கினால் அதுவும் மூடிவிடும். வெள்ளிக்கிழமைக்குள் அவளைக் கீழே கொண்டுவந்தாக வேண்டும். "அப்பா வந்து கூட்டிட்டுப் போனாத்தான் வருவேன்" என்று போனில் ஒரே அடம்.

அந்தப் பாதையில் ஏறக்கூடிய வண்டி ஒன்றே ஒன்று. நாகஜோதியின் ஏடிவி. பைக்கைப் போலக் கைப்பிடி, குண்டு குண்டாக நாலு சக்கரம், பின்னால் பலகை அடித்து ஓர் இருக்கை. தோட்டத்தில் உடம்புக்கு முடியாதவர்களை அதில் உட்காரவைத்து இறக்கிக்கொண்டு வருவாள். வீரணன் அவளிடம்தான் சீடராகச் சேர்ந்திருந்தார். குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதல். காலமெல்லாம் லாரி ஓட்டியவர் என்பதால் வண்டி சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. சக்கரங்கள்தான் அவரிடம் படாதபாடு பட்டன. முந்தின நாள் கூட ஓர் அலுமினிய ரிம் விரிசல் விட்டிருந்தது.

"தாயி, உடையாத சக்கரம் எதுன்னு மட்டும் சொல்லிரு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

நாகஜோதி மூலையைக் காட்டினாள். "இருக்கறதெல்லாம் அங்கதான் இருக்கு. நீங்களே எடுங்கண்ணே."

அங்கே நாலு நாலாக இரண்டு செட். ஒன்று நாகஜோதி வழக்கமாகப் போடும் இரும்பு ரிம். வாங்கின அடிக்கெல்லாம் சம்மட்டியால் தட்டித் தட்டி நிமிர்த்தி, பழைய ஈயப் பாத்திரம் போல இருந்தது. மற்றது யாரோ பந்தயக்காரர் விட்டுப்போனது. கனத்த வார்ப்பு ரிம், டயர் கழன்றுவிடாமல் சுற்றிலும் போல்ட்டு போட்டு முடுக்கிய வளையம். வீரணன் ஈயப் பாத்திரத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு வார்ப்பு ரிம்மைத் தூக்கினார். மாட்டிவிட்டு, பம்பை எடுத்து மூச்சு வாங்க வாங்கக் காற்றடித்தார். உதைத்துப் பார்த்தார். கால்தான் வலித்தது.

"லாரிக்காரன் டயருன்னா இப்படி இருக்கணும்" என்றார்.

"சரிண்ணே. இன்னைக்கு நான் ஓட்டுறேன். நீங்க பின்னாடி ஏறுங்க."

"எனக்கு ஓட்டிப் பழகணும் தாயி. நாள் போயிட்டிருக்கு."

"ஏறுங்கண்ணே."

ஓடைவரை போய்த் திரும்பினார்கள். நாகஜோதி நிதானமாகத்தான் ஓட்டினாள். ஆனாலும் கொட்டகைக்கு வந்து இறங்கியபோது வீரணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

"எங்கெங்கண்ணே கல்லு இருந்துச்சு?"

"ஏன் கேக்குற! வேங்கை மரத்தடியில ரெண்டு. ஓடைக்கு இறங்குற எடத்துல ஒண்ணு. வளைவுல ஒரு மொட்டைக் கல்லு இருக்கே, அது உசுரையே எடுத்துருச்சு." சொல்லிக்கொண்டே குனிந்து நாலு சக்கரத்தையும் தடவித் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா தாயி! ஒரு கீறல் இல்ல!"

போன் அடித்தது. சுகப்பிரியாதான்.

"அப்பா, இங்க தூறல் போடுது. எப்பப்பா வர்ற?"

"வெள்ளிக்கிழம வந்துருவேன்டா. சக்கரம் கெடச்சிருச்சு. இரும்புக் கோட்டை கணக்கா இருக்கு. நீ எதுக்கும் பயப்படாத."

பேசி முடித்துத் திரும்பினால், நாகஜோதி அந்த வார்ப்பு ரிம்களைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஈயப் பாத்திரங்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. வீரணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேட்க வாயெடுப்பதற்குள் அவள் டயர்களிலிருந்து காற்றையும் இறக்கத் தொடங்கிவிட்டாள். கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளே போகிற அளவுக்கு இறக்கினாள்.

"என்ன தாயி விளையாட்டு இது? காத்தில்லாம ஓட்டுனா ரிம்மு என்னத்துக்காகும்?"

"சாப்ட்டுட்டு இன்னொரு நடை போவோம். பின்னாடி ஏறுங்கண்ணே."

சாப்பாடு அவருக்கு இறங்கவே இல்லை. மத்தியானம் அதே பாதையில் அதே ஓடைவரை போனார்கள். வீரணன் வழியெல்லாம் சக்கரத்தையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். டயர் கல்லில் பிதுங்குவதும் விரிவதுமாக உருண்டது. எங்கோ ஓரிடத்தில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது.

வண்டி நின்றதும் நிற்காததுமாகக் குதித்து இறங்கினார். பார்த்தவர் தலையில் கை வைத்துவிட்டார். முன்சக்கரத்தின் ரிம் விளிம்பு உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கியிருந்தது.

"நான் படிச்சுப் படிச்சு சொன்னேனே தாயி! போச்சு! இத நம்பியா என் புள்ளைய ஏத்தச் சொல்லுற?"

நாகஜோதி பக்கத்தில் வந்து குந்தினாள். நசுங்கின இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது எந்தக் கல்லுண்ணே?"

வீரணன் யோசித்தார். வேங்கை மரத்தடியா, ஓடை இறக்கமா, அந்த மொட்டைக் கல்லா? கண்ணை மூடிக்கூட யோசித்துப் பார்த்தார்.

"தெரியலையே தாயி. சத்தம் கேட்டுச்சு. எந்த எடம்னு…"

அவர் கை தானாக இடுப்புக்குப் போய் நின்றது. இந்த நடையில் அது வலிக்கவே இல்லை.

நாகஜோதி சம்மட்டியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, நாலு தட்டுத் தட்டுனா நிமிந்துரும். காலையிலயும் இதே கல்லுதாண்ணே, இதே அடிதான். அத யாரு வாங்குனா?"