நூற்றெட்டுப் பட்டமும் ஒரு புயலும்

வெகு காலத்துக்கு முன்னால், புன்னைக்கரை என்ற கடலோர நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் புகழ்ச்சி என்றால் உயிரை விடுவார். அதைத் தெரிந்துகொண்ட அரசவைப் புலவர் சொற்கோ, அவருக்கு நூற்றெட்டுப் பட்டங்களைக் கட்டிக் கொடுத்தார். போதாக்குறைக்கு ஒரு சட்டமும் போட வைத்தார். முரசடித்து எந்தச் செய்தி சொன்னாலும் முதலில் நூற்றெட்டுப் பட்டமும் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டாலும் தலை போகும்.

மாட்டிக்கொண்டவன் முரசடிக்கிற வேம்பன். போன ஐப்பசியில் புயல் வந்தபோது சிப்பிக்குப்பத்தில் நின்று பட்டங்களை ஆரம்பித்தான். ஜனங்கள் கைகட்டிக் கேட்டார்கள். அறுபத்திரண்டாவது பட்டத்தில் கடல் தெருவுக்குள் வந்துவிட்டது. மீதி நாற்பத்தாறையும் பாவி மனுஷன் தென்னை மரத்தில் தொங்கிக்கொண்டு சொன்னான். அந்தக் குப்பத்தில்தான் அவன் மகள் நாச்சி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் பிழைத்ததே பெரிய காரியம்.

இந்த வருஷம் கார்த்திகையில் ஒரு காலை, கலங்கரை விளக்கத்துக் காவலாள் ஓடிவந்தான். "வேம்பண்ணே, கிழக்கே கடல் கறுத்துக்கிட்டு வருது. பொழுது சாயறதுக்குள்ள புயல் கரைக்கு வந்துடும்!"

வேம்பன் மனசுக்குள் கணக்குப் போட்டான். ஏழு குப்பத்துக்கும் போய்ச் சொல்ல வேண்டும். இந்தப் பட்டங்களோடு போனால் ஐந்தாவது குப்பத்திலேயே புயல் முந்திக்கொள்ளும். சிப்பிக்குப்பம் ஏழாவது.

நேராக யானைக் கொட்டாரத்துக்குப் போய்ப் பாகன் காதில் ஏதோ சொன்னான். பிறகு அரண்மனைத் தோட்டத்துக்கு ஓடினான். அங்கே ராஜா புதுப் பட்டு உடுத்திப் புலவரோடு உட்கார்ந்திருந்தார்.

"மகாராஜா, புயல் வருது. இன்னிக்கு மட்டும் பட்டத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

"பாருங்கள் பிரபு, தங்கள் புகழையே கத்தரிக்கப் பார்க்கிறான்!" என்று துள்ளினார் புலவர்.

"ஒன்றுகூடக் குறையக் கூடாது!" என்றார் ராஜா.

"சரிங்க மகாராஜா. உங்களுக்கும் ஒரு அவசரச் செய்தி இருக்கு." வேம்பன் முரசைத் தட்டினான். "கடல் நடுங்க வந்த காளையே! எண்டிசை வென்ற ஏந்தலே!"

ராஜா சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். புலவர் விரல்விட்டு எண்ணினார். பின்னால் அரண்மனை யானை, தும்பிக்கை நிறையக் குளத்துச் சேற்றுத் தண்ணீரோடு மெல்ல வந்து நின்றது. பத்தொன்பதாவது பட்டம் முடிவதற்கும் அது மொத்தத்தையும் ராஜா தலையில் கொட்டுவதற்கும் சரியாக இருந்தது.

"அடேய்! யானை வருதுன்னு ஏண்டா சொல்லலை?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன் மகாராஜா. இன்னும் எண்பத்தொன்பது பட்டம் பாக்கி இருந்துச்சு. ஒன்னை விட்டாலும் தலை போயிடுமே!"

ராஜா மீசைச் சேற்றை வழித்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "போன வருஷம் சிப்பிக்குப்பத்திலும் இப்படித்தானா?"

"இப்படித்தான் மகாராஜா. அங்க ஊத்துனது யானை இல்ல, கடல்."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. "இனிமேல் முதலில் செய்தி! வேம்பா, இந்த யானை மேலேயே ஏறிப் போ. முரசைப் புலவர் அடிக்கட்டும்!"

"புயல் வருது! அரண்மனை மேட்டுக்கு ஓடி வாங்க!" அவ்வளவுதான் செய்தி. யானைக்கு முன்னால் முரசோடு ஓடி ஓடிப் புலவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

சாயங்காலம் காற்று பேயாட்டம் ஆடியபோது ஏழு குப்பத்து ஜனமும் அரண்மனை மண்டபத்தில் இருந்தது. நாச்சி வரிசை வரிசையாகத் தலையைத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். இவ்வளவு கூட்டத்தைக் கண்டதும் புலவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தொண்டையைச் செருமி, "கடல் நடுங்க வந்த..." என்று ஆரம்பித்தார்.

"சும்மா இரும் ஐயா!" என்று ராஜா அவர் வாயைப் பொத்தினார். "அந்தப் பெண்ணுக்கு எண்ணிக்கை தப்பிவிடப் போகிறது."

நாச்சி கடைசித் தலையையும் தொட்டு நிமிர்ந்தாள். "ஒருத்தர்கூடக் குறையல மகாராஜா!"

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டார். வேம்பன் மகளைப் பார்த்து அழுதேவிட்டான். அன்று முதல் முரசைச் சுமந்துகொண்டு அவன் பின்னால் நடக்கிற வேலை புலவருக்கு.