பூதத்தோட தொண்டையில சிக்கின நாள்

ஒரு ஊர்ல ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி.

கேக்குதா மருமகளே? நீ சுவத்தப் பாத்துப் படுத்திருந்தாலும் ஒரு காது இந்தப் பக்கம்தான் இருக்கு. ம் சொல்லு. ம் சொன்னாத்தான் கதை நகரும், இல்லேன்னா ரோட்டுல மாடு படுத்த மாதிரி நடுவுல படுத்துக்கும்.

சொல்ல மாட்டியா. சரி, நான் சுவத்துக்கே சொல்லிக்கிறேன். சுவரே, கேட்டுக்க. இது எங்க நாச்சியா தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பாக்குற கார்ட்டூனோட கடைசிக் கதை. இன்னிக்குத்தான் போட்டான். அவ அம்மா பெட்டியத் தூக்கிக்கிட்டு மஸ்கட்டுக்கு ரெண்டு வருச நர்ஸ் வேலைக்குக் கெளம்பும்போது இவ கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சுக்கிட்டா. ஏழு மணி வரைக்கும் வெளிய வரல. அம்மாவையும் வழியனுப்பல, கார்ட்டூனையும் பாக்கல. அவ அப்பன் ஏர்போர்ட்டுல ஏத்திவிடப் போயிட்டான். மிச்சம் இருந்தது தாய்மாமன் நான். டிவி முன்னாடி ஒத்தையா உக்காந்து பூராவும் பாத்தேன்.

ஆங், காது அசையுது.

அந்த அண்ணன் பேரு என் வாயில நொழையல. முடி மஞ்சளா, வைக்கோலக் குத்தி வச்ச மாதிரி நட்டுக்கிட்டு நிக்குது. அதனால அவன் மஞ்சமுடியான். தங்கச்சிக்குக் கண்ணு ரெண்டும் பரோட்டா அகலம், ஆளு இத்துனூண்டு. அவ சிட்டு. அப்பா அம்மா கெடையாது ரெண்டு பேருக்கும். அண்ணன் சோறு பொங்குவான், தங்கச்சி உப்பு பத்தலம்பா. நல்ல குடும்பம்.

அந்த ஊருக்கு மேக்க ஒரு மலை. மலைக்குப் பின்னாடி ஒரு பூதம். ஆடு மாடு திங்கிற பூதம் இல்ல மருமகளே, இது நாளத் திங்கிற பூதம். முடிஞ்சுபோன நாளாப் பாத்து ஒண்ண எடுத்து, கபக். அவ்வளவுதான். அந்த நாள்ல நடந்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது. நடந்ததும் நடக்காததாப் போயிரும். செவ்வாக்கிழமை கட்டின சுவரு புதங்கிழமை காலையில இருக்காது. கொத்தனாரு கரண்டியோட வந்து நின்னு தலையச் சொறிவாரு.

ஆனா அதுக்கு ஒரு கொறை உண்டு. முடிஞ்ச நாளத்தான் முழுங்க முடியும். முடியாத நாளு தொண்டையிலயே நின்னுக்கும். இத ஞாபகம் வச்சுக்க, பின்னாடி வேணும்.

— ம்.

அடேயப்பா, சுவரு பேசுது.

அப்புறம், நாளத் தின்னு தின்னு அந்தப் பூதம் பனமரம் ஒசரத்துக்கு வளந்துருச்சு. இனி ஒண்ணு ரெண்டு பத்தாது, ஊரோட எல்லா நாளையும் ஒரே வாயில போட்டுக்கறேன்னு மலைய விட்டு எறங்க ஆரம்பிச்சுச்சு. தொம். தொம். தொம். ஊர்ல இருக்கிற ஆம்பளைங்க எல்லாம் நீ போ, நீ போன்னு பின்னாடி நகர்றாங்க. மஞ்சமுடியான் மட்டும் வாளத் தொடைச்சு வச்சுட்டு, காலையில நான் போறேன்னுட்டான்.

சிட்டு, "நானும் வரேன்"னா. அவன், "வேணாம்"னுட்டான். அப்போ அவளுக்கு வந்துச்சு பாரு கோவம். போர்வைய இழுத்து மூடிக்கிட்டு, சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. நான் யாரையும் சொல்லல. கார்ட்டூன்ல அப்படித்தான் காமிச்சான்.

விடிஞ்சுச்சு. அந்த ஊர்லயும் நம்ம வழக்கம்தான். வாசப்படியத் தாண்டுறவங்க 'போயிட்டு வரேன்'னு சொல்லணும், வீட்டுல இருக்கிறவங்க 'போயிட்டு வா'ன்னு சொல்லணும். அவன் வாசல்ல நின்னு, "சிட்டு, போயிட்டு வரேன்"னான். இவ பேசல. "சிட்டு?"ன்னான். இவ முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கா, பேசல. செருப்ப மாட்டினான். சரக் சரக்னு போயிட்டான்.

அன்னிக்குப் பூராவும் சண்டை. டங்கு டங்குன்னு வாளு, தொம்மு தொம்முன்னு பூதம். பொழுது சாஞ்சுச்சு. நாளு முடிஞ்சுது. பூதம் வாயத் தொறந்து அந்த நாளையும் அவனையும் சேத்து கபக்குன்னு முழுங்கிருச்சு. உள்ள போனவன் சும்மா இருப்பானா, அதோட நெஞ்சப் பாத்து ஒரே குத்து. பூதம் லொக்குன்னு ஒரு இருமல் இருமிச்சு, வாய மூடுச்சு, அப்படியே பாறையாப் போச்சு. ஊரு தப்பிச்சுது. அவன் வரல.

இரு, அழுகாத, கதை இன்னும் பாதி கெடக்கு. அந்த இருமல்ல வாயிலேருந்து ஒண்ணு வெளிய விழுந்துச்சு பாரு, பொத்துன்னு. அதுதான் அந்த நாளு. புளியங்கொட்டை கணக்கா இருந்துச்சு.

என்னது? கார்ட்டூன்ல நாளெல்லாம் பளபளன்னு கண்ணாடி உருண்டையா இருக்குமா? இருக்கும், இருக்கும். நான் கண்ணாடி போடாமப் பாத்தேன், எனக்குப் புளியங்கொட்டையாத்தான் தெரிஞ்சுது. கதை சொல்றவன் நான்.

அந்தக் கொட்டை விழுந்த வேகத்துல மூணு துண்டா ஒடைஞ்சிருந்துச்சு. சிட்டு அதப் பொறுக்கி மடியில கட்டிக்கிட்டா. ஒரு துண்ட நாக்குக்கு அடியில வச்சா, அந்தக் காலையிலயே போயி முழிச்சுக்கலாம், பொழுது சாஞ்சா மறுபடி இந்தப் பக்கமே வந்துரலாம். மூணு துண்டு, மூணு தடவை. அதுக்கு மேல கெடையாது. முந்தி நடந்ததும் அவளுக்கு மட்டும் மறக்காது.

— ம்.

மொத துண்ட வச்சா. கண்ணத் தொறந்தா அதே காலை, அண்ணன் செருப்ப மாட்டிக்கிட்டுப் போறான். இவ பின்னாடி ஓடிப்போயி, "அண்ணே"ன்னு கூப்புட்டா. பொறப்பட்டவனப் பின்னாடி கூப்புடலாமா? கூப்புட்டா என்ன செய்யணும்? ஆமா, திரும்பி வந்து உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுத்தான் போகணும். அவன் வந்து உக்காந்தான், தண்ணி குடிச்சான். மறுபடி கெளம்பினான். மறுபடி கூப்புட்டா. இப்படியே உக்கார வச்சு எந்திரிக்க வச்சு வெயிலு ஏறிருச்சு. கடைசியா கைய ஒதறிட்டு ஓடினான். அதுக்குள்ள பூதம் வடக்குத் தெருவுக்குள்ள காலு வச்சு, பக்கத்து வீட்டுப் பாப்பா பொறந்த நாள முழுங்கிருச்சு.

சிட்டு திரும்ப வந்து பாக்குறா. அண்ணன் இல்ல, அன்னிக்கு மாதிரியேதான். பக்கத்து வீட்டக்கா உத்தரத்துல வெறுந்தொட்டிலக் கட்டி ஆட்டிக்கிட்டு இருக்கா, கிறீச் கிறீச்னு. "என்னக்கா பண்ற"ன்னு கேட்டா, "தெரியலடி, கை தானா ஆட்டுது"ங்கறா. பாப்பா பொறக்கவே இல்ல.

நான் அந்த எடத்துல டிவிய அமத்தவே போயிட்டேன் மருமகளே. கார்ட்டூன்காரன் இப்படியா பண்ணுவான்.

அப்போ சிட்டு ரெண்டாவது துண்ட வச்சா. அதே காலை. இந்தத் தடவை கூப்புடவே இல்ல. அண்ணன் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே வெளிய வந்து, கதவ வெளிப்பக்கமாச் சாத்தி, கொண்டிய மாட்டிட்டா. டொக்கு. உள்ளேருந்து, "சிட்டு, தொற, பூதம் வருது"ன்னு கத்துறான். இவ காதப் பொத்திக்கிட்டு வாசல்லயே உக்காந்துட்டா. ஊரு எப்படிப் போனா என்ன, எங்க அண்ணன் இருந்தாப் போதும்னு. தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

திரும்ப வந்து கதவத் தொறந்தா, அண்ணன் உக்காந்திருக்கான். கையி காலு நல்லா இருக்கு, அதே மஞ்ச முடி. "அண்ணே"ன்னு போயிக் கட்டிக்கிட்டா. அவன் மெதுவா அவ கைய எடுத்து விட்டுட்டு, "யாரு பாப்பா நீ? வழி தவறி வந்துட்டியா?"ங்கறான்.

ஆமா. ஆளுங்க பொறந்த நாளு மட்டும்தான் மிச்சம், பாக்கி எல்லா நாளையும் பூதம் முழுங்கிருச்சு. இவளத் தூக்கி வளத்த நாளு, சோறு ஊட்டின நாளு, உப்பு பத்தலன்னு இவ சண்டை போட்ட நாளு, ஒண்ணும் இல்ல அவன்ட்ட. தெருவுல தாயும் புள்ளையும் யாரோ எவரோ மாதிரி எதிரெதிரப் போறாங்க.

ஒரு துண்டுதான் பாக்கி. சிட்டு அத மடியிலேருந்து அவுத்துக் கையில எடுத்தா. கூப்புட்டுப் பாத்தாச்சு. பூட்டிப் பாத்தாச்சு. அவன் போகத்தான் வேணும்னு அவளுக்கு வெளங்கிருச்சு. சரி, போறவன் போகட்டும், அந்த வாசல்ல பதிலு இல்லாம நின்னான்ல, அதயாவது மாத்திட்டு வருவோம்னு நெனச்சா. வாயில போட்டுக்கிட்டா.

அதே காலை. இவ முன்னாடியே எந்திரிச்சா. மொகத்தக் கழுவினா. கட்டுச்சோறு கட்டினா, புளிச்சோறு. உப்பு அவளே போட்டா, கூடிப்போச்சு. அண்ணன் ஒரு வாய் ருசி பாத்துட்டு இன்னொரு வாயும் அள்ளிப் போட்டுக்கிட்டான். வாசப்படியில நின்னு, "சிட்டு, போயிட்டு வரேன்"னான்.

இவளுக்கு ஒதடு கோணிக்கிட்டுப் போகுது. கதவு நெலையப் பிடிச்சுக்கிட்டு, "போயிட்டு வா அண்ணே"ன்னா.

அவன் சிரிச்சான். "வரேன்"னான். சரக் சரக்னு போயிட்டான். பின்னாடி கூப்புடணும்னு அவளுக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. கூப்புடல.

— ம்.

அப்புறம் கடைசிச் சண்டை. டங்கு டங்கு, தொம்மு தொம்மு. பொழுது சாஞ்சுச்சு. பூதம் வாயத் தொறந்து அவனையும் நாளையும் சேத்து கபக்குன்னுச்சு. முழுங்கப் பாக்குது, எறங்கல. விக். இன்னொரு தடவை முழுங்குது. விக், விக். ஏன்னு சொல்லு?

அதேதான். நாளு முடியல. பொழுது சாஞ்சா மட்டும் நாளு முடிஞ்சிருமா? வரேன்னு ஒருத்தன் சொல்லிட்டான், வான்னு ஒருத்தி சொல்லிட்டா. போனவன் வந்து சேந்தாத்தான அந்த நாளு முடியும். முடியாத நாளு பூதத்துக்கு எறங்காதுன்னு சொன்னேன்ல? துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல. கண்ணு பிதுங்கி, தொறந்த வாய் தொறந்தபடியே பாறையாப் போச்சு. மொத தடவை மூடின வாய் இப்பத் தொறந்து கெடக்கு. குகை மாதிரி, ஒரு ஆளு நடந்து வர்ற அகலத்துக்கு.

வந்தானா? கார்ட்டூன்ல அதக் காமிக்கல, பாவிப்பய. சிட்டு வாசல்ல ஒரு சொம்பு தண்ணி வச்சுக்கிட்டு நிக்கிறா, மலைப்பக்கம் பாக்குறா, அதோட பாட்டப் போட்டு முடிச்சுட்டான். ஆனா எனக்குத் தெரியும், வந்துருவான். வழி தொறந்துதான கெடக்கு. பூதத்தோட வயிறு பெருசு, நடந்து வரக் கொஞ்ச நாளாகும். எவ்வளவு நாளா? ரெண்டு வருசம்னு வச்சுக்கயேன்.

ம்ம். திரும்பிட்டியா. வா, மாமன் தோள்ல சாஞ்சுக்க. அழுகுறதுன்னா அழு, மூக்க மட்டும் சட்டையில தொடைக்காத.

அம்மா உன் கட்டிலுக்கிட்ட குனிஞ்சு ரெண்டு தடவை போயிட்டு வரேன்னு சொன்னா. எனக்குக் கேட்டுச்சு. உனக்கும் கேட்டுச்சு.

நானா? நான் அவளுக்குப் போயிட்டு வா சொன்னனாவா கேக்குற? நீ பெரிய ஆளுதான். நான் சொல்லல மருமகளே. போகாத போகாதன்னு மூணு மாசமா அவகூடச் சண்டை. இன்னிக்கு ஆட்டோவுல பெட்டிய ஏத்துற சாக்குல குனிஞ்ச தல நிமிரல. "போயிட்டு வரேண்ணே"ன்னா. நான் கயித்த இறுக்கிக்கிட்டே இருந்தேன். இறுக்க ஒண்ணுமே இல்ல அந்தக் கயித்துல. அவ போன பின்னாடி வந்து டிவி முன்னாடி உக்காந்தா, இந்தப் பாழாப்போன கார்ட்டூன்.

சிட்டுக்குப் புளியங்கொட்டை இருந்துச்சு. நமக்கு அது கெடையாது. ஆனா மணி எட்டரைதான் ஆகுது, பிளேனு பதினொண்ணுக்கு. போனு இருக்கு. போடவா?

இரு, அந்தப் பக்கம் மணி அடிக்குது. செல்வியா? நான்தான். ஒண்ணும் ஆகல, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். ஒருத்தி உன்ட்ட பேசணுமாம். இந்தா தாயி, சொல்லு.

— போயிட்டு வா அம்மா.

சத்தத்தக் காணோமா? அழுகுறா. அழுதுட்டுப் பேசுவா, காதுலயே வச்சுக்க. ம். ம். என்ன சொல்றா? முட்டை அவிச்சுத் தரச் சொல்றாளா? சரி, நாளைக்கு அவிக்கிறேன்.

என்ட்ட எதுக்கு நீட்டுற? ம், குடு.

செல்வி. பாஸ்போர்ட்டப் பத்திரமா வச்சிருக்கியா. ம். சாப்பிட்டியா. ம். அது வந்து... நான் ஆட்டோகிட்ட நிக்கும்போது... சரி விடு. போயிட்டு வா தாயி. நாங்க இருக்கோம். போயிட்டு வா.

வச்சுட்டா. என்ன சொன்னாளா? "வரேண்ணே"ன்னா.

கண்ண மூடு. நம்ம நாளு இன்னும் முடியல, எந்தப் பூதத்துக்கும் இது எறங்காது. கதையும் செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்குது. அதுக்கும் ஒரு போயிட்டு வா சொல்லிட்டுத் தூங்கு.